உறைந்துபோன கொக்கி

டைரோல், பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு, நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? வாசல் பனியை நீங்கள் வாரவேண்டாம், தம்பி மத்தேய் வாரட்டும்.

ஞாயிறன்று, ஓட்டல் சலவை அறையில் என்னோடு வேலை செய்யும் வால்புர்கா மலைக்குக் கூட்டிப்போனாள். பனிப்பலகையை இரண்டாகப் பிரித்துக் காலுக்கொன்றாக மாட்டி ஏறவேண்டும். உச்சியில் ஒன்றாக்கிச் சறுக்கி இறங்கவேண்டும். பூட்ஸும், அதைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கும் அவள் அண்ணனுடையவை. வழியில் வெயில் சுகமாக இருந்ததால் பட்டைகளைத் தளர்த்தி உட்கார்ந்துவிட்டேன். கொக்கிகளில் உருகிய பனி உச்சிக் காற்றில் உறைந்து, இரண்டு காலும் மாட்டிக்கொண்டன.

"இழுக்காதடி, உடைஞ்சா எங்கண்ணன் என்னை உரிச்சிடுவான்" என்று சொல்லி, குடிக்க வைத்திருந்த தேநீரையெல்லாம் கொக்கிகளில் ஊற்றினாள். கால்கள் வந்துவிட்டன. சிரித்தோம்.

"வா, நாலு மணிக்குத் துண்டு மடிக்கணும்."

"கொஞ்சம் இருடி."

"இவ்வளவு நேரம் கால் வரலேன்னு அழுதே. இப்ப என்ன?"

நான் கீழே வெகுதூரம் விரிந்து கிடந்த பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஈஸ்டருக்கு விடுப்பு இல்லையாம். தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். முடிந்தால் நம் சமையலறையின் நீலத் திரைச்சீலையும். அளவு பார்க்க வேண்டாம், என் அறையில் ஜன்னல் கிடையாது. சுவரில்தான் மாட்டப்போகிறேன்.

துண்டு வண்டி வந்துவிட்டது.

யர்மிலா