பெயர் காலியாக இருந்தால் நில்

நவம்பர் 10, திங்கள்

காலையில் நல்ல வெயில், மூன்று மணிக்கு மழை. குடை ஆபீசில், நான் பஸ் ஸ்டாப்பில். கரமனை வந்து சேர்வதற்குள் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

செல்வம் சாலை பஜார் கடையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். சனிக்கிழமை கடை அடைப்பாம். எங்கள் கல்யாண நாள், இருபது வருஷம், மலைமேல் போணக்காடு போகலாம் என்றார். ஹார்டுவேர் கடைக்காரர் சனிக்கிழமை ஷட்டரை இறக்குவது லேசான காரியமா? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இமேஜ் பில்டு, அங்கே வாராவாரம் வரும் வேலை.

போன வருஷமும் இதே கதை. பாதி வழியில் வித்துரா சந்தை வரை போனோம். ஆபீசிலிருந்து போன். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை விரித்து இரண்டு மணி நேரம். அப்புறம் வண்டியைத் திருப்பினோம். அன்று அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்று சொன்னது அப்படியே: "உனக்கு முடியலைன்னா இப்பமே சொல்லிரு. நான் கடையைத் திறந்துக்கிடுதேன். ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நினைப்பார்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். வாங்க வேண்டியவை: உளுந்து, பேனா ரீஃபில், செ.க்கு மழைக்கோட்டு.

இமேஜ் என்றால் அச்சு. செ.க்கு நான் சொல்லி வைத்திருக்கும் விளக்கம் அதுதான். எங்கள் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டருக்குப் புது மெஷின் வேண்டுமென்றால் அச்சிலிருந்து அப்படியே எடுத்துவிடலாம். வாராவாரம் புது அச்சு தானாக உருவாகும், அதுதான் பில்டு. அதற்குப் பிறகு வரும் வேலை, அதாவது பட்டியலில் புது இமேஜின் பெயரைப் போடுவது, பழைய இமேஜ்களை அழிப்பது, மூன்று வருஷமாக என் கையால். கட்டளைகளை வரிசையாக ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவிட்டால் அதுவே செய்யும். எல்லோரும் சொல்லியாயிற்று. அழிக்கிற வேலையை ஆளில்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்து நாற்காலி லீனா, வாய் ஓயாத கோட்டயத்துக்காரி, வேறு மாதிரி சொல்கிறாள். எனக்கு ஸ்கிரிப்ட் மேல் சந்தேகமே இல்லையாம். நான் இல்லாமலும் காரியம் நடந்துவிடுமோ என்றுதான் பயமாம். திமிர் பிடித்தவள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

எழுத ஆரம்பித்தாயிற்று. நாற்பது வரி.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. மானம் போனது.

பில்டு நடக்கும்போது சில வரிகள் புது மெஷினுக்கு உள்ளே ஓடும். முடிந்த பிறகு வரும் வரிகள் நாம் உட்கார்ந்திருக்கும் மெஷினிலேயே ஓடும். எனக்குத் தெரியாததா? இதைப் பத்துப் பேருக்கு வகுப்பெடுத்தவள் நான். புது மெஷினுக்குள் மிச்சமிருக்கும் லாகின் சாவிகளைத் துடைக்கிற மூன்று வரியை, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று இழுத்து வந்து கடைசியில் வைத்தேன். தட்டினேன். அது சொன்ன பேச்சைக் கேட்டது. என் லேப்டாப்பில் இருந்த சாவிகளைத் துடைத்துப் போட்டுவிட்டது. ஒரு சர்வருக்குள்ளும் நுழைய முடியவில்லை.

லீ. எட்டிப் பார்த்தாள். "சேச்சி, ஸ்வந்தம் வீட்டைப் பூட்டிட்டு சாவியை ஆத்துல எறிஞ்சாச்சு, அல்லே?"

சிரித்துத் தொலைத்தேன். வேறென்ன செய்ய. புதுச் சாவி உண்டாக்கி, ஒவ்வொரு சர்வரிலும் அவளே சேர்த்துத் தந்தாள். மதியச் சாப்பாடு வரை அதே வேலை. அவளுக்கு இரண்டு பருப்புவடை வாங்கிக் கொடுத்தேன்.

செ.யிடம் சொல்லவில்லை. ரீஃபில் மறந்தது.

நவம்பர் 13, வியாழன்

உள்ளே ஓட வேண்டியது உள்ளே போயிற்று. இப்போது எதையும் அழிக்காமல், அழிக்கப் போகிற பெயர்களை மட்டும் காட்டும்படி வைத்து ஓட்டினோம். சரியாக வந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

அப்புறம் லீ. வேண்டுமென்றே பில்டைப் பாதியில் கெடுத்தாள். புது இமேஜ் உருவாகவில்லை. ஆகவே புதுப் பெயரும் காலி. என் ஸ்கிரிப்டோ புதுப் பெயரைத் தவிர மற்றதையெல்லாம் அழிக்கும். திரையில் பதினான்கு பெயர்கள், கவுண்டர்களில் இப்போது ஓடுவதன் அச்சு உட்பட. மிச்சம் ஒன்றும் இல்லை. நிஜமாக ஓடியிருந்தால், நாளைக்கு ஒரு கவுண்டர் படுத்தால் புதிதாக எடுக்க அச்சே கிடையாது. வரிசையில் நிற்பவர்கள் காய்ச்சல்காரர்கள்.

சேர்த்தவை:
– பெயர் காலியாக இருந்தால் நில்.
– ஒரு படி தோற்றால் அடுத்த படிக்குப் போகாதே.
– எந்த மெஷினில் இருக்கிறாய் என்று முதலில் பார். பில்டு சர்வர் இல்லையென்றால் வெளியே போ.
– கடைசி மூன்று இமேஜ்களைத் தொடவே தொடாதே.
– என்ன செய்தாய், என்ன செய்யவில்லை, எனக்குச் சொல்லி அனுப்பு.

மறுபடி கெடுத்தாள். நின்றது. இன்னொரு தடவை. நின்றது. பெற்ற பிள்ளை முதல் பாடத்தை ஒப்பித்த மாதிரி ஒரு பெருமை, வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

மப்பு. வெந்தயக்குழம்பு, அப்பளம்.

லீ. நாளை கசின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறாள். போணக்காட்டில் சிக்னல் கிடையாது. ஆக நாளை காலை ஸ்கிரிப்ட்டுக்குத் துணை யாரும் இல்லை. வெறுமனே காட்டுவதை நிறுத்தி, நிஜமாகவே அழிக்கும்படி மாற்றினேன். மாற்றிவிட்டு, திருப்பி, மறுபடி மாற்றினேன். லீ. பார்த்துக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. உலக அதிசயம்.

செ. கடையில் "நாளை விடுமுறை" அட்டை தொங்கவிட்டாராம், தமிழிலும் மலையாளத்திலும். சட்டையைத் தானே இஸ்திரி போடுகிறார். இந்தத் தடவை பாதியில் திரும்ப மாட்டோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நவம்பர் 15, சனி

ஆறரைக்குக் கிளம்பினோம். பனி, ஜன்னலை இறக்கி வைத்தால் குளிர். புளியோதரை, சிப்ஸ், ஃபிளாஸ்க். லேப்டாப் வீட்டில். வேண்டுமென்றேதான்.

வித்துரா சந்தைக்கு வரும்போது மடியில் போன் அதிர்ந்தது. செ. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் கை, நேர்ப் பார்வை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

படித்தேன். ஸ்கிரிப்ட் அனுப்பிய செய்தி. பில்டு பாதியில் தோற்றிருந்தது. புதுப் பெயர் காலி. அழித்தது: எதுவும் இல்லை. நிறுத்தியாயிற்று.

இரண்டாவது தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது.

"வேலை முடிஞ்சுதா?" என்றார்.

"முடியலை. நின்னுட்டு. ஒண்ணும் கெடலை, பழசு அப்படியே கெடக்கு."

"அப்பம் திரும்பணுமா?"

"திங்கக்கிழமை பாத்துக்கிடலாம். நீங்க வண்டிய எடுங்க."

அவர் உடனே எடுக்கவில்லை. நான் நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு எடுத்தார்.

சந்தை தாண்டி முதல் வளைவில் பாட ஆரம்பித்தார். இருபது வருஷத்தில் இந்த மனுஷன் பாடி நான் கேட்டதில்லை. சுருதி மருந்துக்கும் இல்லை.