பஞ்சு அடைத்த முப்பத்தெட்டு ஓட்டைகள்

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 7.40 பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது, ஷட்டரை மூட முடியாத ஜன்னல். என் ராசி அப்படி.

ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து நேற்றே போன். பேக்கிங் ஹாலில் நான்கு விளக்கு எரியவில்லையாம். சின்ன வேலை. மதியத்துக்குள் வீட்டுக்குப் போய் மாவாட்டலாம் என்று கணக்கு.

முதல் விளக்கைச் சீலிங்கிலிருந்து இறக்கினேன். கூடவே ஒரு கைப்பிடி பஞ்சு தலையில் விழுந்தது. டீத்தூள் நிறம். ஒரு ஓரம் கறுப்பு. முகர்ந்தேன். தீய்ந்த வாடை.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யார் அடைத்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. நான்கு வருடத்துக்கு முன் இந்த ஹாலுக்கு வயரிங் செய்தவள் நான். சீலிங்கை வட்டமாக அறுத்து விளக்கைப் பதித்தவள் நான். விளிம்பு இடைவெளி வழியாகத் தூசி கொட்டி, கீழே மடிக்கிற துணி அழுக்காகிறது என்றார்கள். புண்ணில் கட்டுகிற துணி ஆச்சே. சுற்றிலும் மூட்டை மூட்டையாக மருத்துவப் பஞ்சு. எடுத்து அடைத்தேன். தூசி நின்றது. எல்லாரும் பாராட்டினார்கள். இந்த ஊரில் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் கை பஞ்சுக்குத்தான் போகும்.

மறக்காமல் இருக்க:
- மொத்த விளக்கு 38. இறக்கியது 4. நான்கிலும் பஞ்சு. இரண்டில் தீய்ந்த தடம்.
- மேல்தளம் காங்கிரீட் கிடையாது. இரும்பு உத்திரம், அதன்மேல் சிமெண்ட் போர்டு. அடியில் இரண்டு அடுக்கு தீ தாங்கும் ஜிப்சம் சீலிங். ஒரு மணி நேரம் தாங்கும் என்று போர்டு கம்பெனித் தாளில் இருக்கிறது. ஓட்டை இல்லாமல் இருந்தால்.
- அந்தத் தளத்தில் பெண்கள் ஹாஸ்டல். 42 பேர்.

மாவு ஆட்டவில்லை. கடை மாவு. இவர் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு தோசை குறைவாகச் சாப்பிட்டார்.

ஜூன் 11, புதன்

சாரல் விட்டது. காற்று மட்டும் பேய்க்காற்று.

முதலாளியிடம் போனேன். போன வருடம்தான் கம்பெனியை வாங்கியவர், பழைய வயரிங் யார் செய்தது என்று அவருக்குத் தெரியாது. கூட காதர் பாய். என்னோடு பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறவர், என்னைவிட மூத்தவர். அன்றைக்கு அந்த ஹாலில் பாதி ஓட்டை அவர் கையால்.

கருகிய பஞ்சை மேஜையில் வைத்தேன். விளக்கின் சூடு வெளியேற வழியில்லாமல் பஞ்சுக்குள் தங்குகிறது. ஹாலில் தீப்பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் மேலே போக ஒரு வாசல். அந்த வாசலில் பஞ்சு வேறு. எல்லாம் சொன்னேன்.

"யாரும்மா பஞ்சை வச்சது?"

"முன்னாடி வேலை பாத்தவங்க, ஐயா."

முன்னாடி வேலை பார்த்தவள் நான்தானே, பொய் இல்லையே என்று மனசுக்குள் ஒரு வக்கீல். சீ.

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், "தங்கச்சி, டீ குடிப்பமா?" அவ்வளவுதான் கேட்டார்.

முதலாளி நல்ல மனுஷர். சீலிங் விளக்கு அத்தனையும் இன்றே அணைக்கச் சொல்லிவிட்டார். ஸ்டாண்டு விளக்கு வைத்து வேலை நடக்கிறது. மதுரைக் கடைக்கு ஆர்டர்: விளக்கின்மேல் மாட்டுகிற தீத்தொப்பி 38, மாடிப்படிச் சுவரில் ஸ்விட்ச் பெட்டிகளுக்கு ஒட்டுகிற பசைத் தகடு 12, உபரியாக ஒன்று.

ஜூன் 12, வியாழன்

மதுரையிலிருந்து பார்சல் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. ஒரு தகட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். களிமண் மாதிரி, செங்கல் நிறம், விரலால் கிள்ளலாம். இதுவா தீயை நிறுத்தும்? நம்பிக்கை இல்லை.

சாயங்காலம் கொல்லையில் விறகடுப்பு. சுண்டைக்காய் அளவு உருட்டி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அசைந்தது. உயிர் வந்ததுபோல் புரண்டு, உப்பி, கறுப்பாகப் பொங்கி, எலுமிச்சம்பழ அளவாகி, இடுக்கியையே விழுங்கிவிட்டது.

இவர் பால்கோவா பட்டறையில் இருபது வருடமாகப் பால் கிண்டுகிறவர். நெருப்பைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு. பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஏட்டி, பாலு பொங்குனா பாத்திரத்த விட்டு வெளிய ஓடும். இது பொங்கி, நின்ன எடத்தயே அடைக்குதே!"

"அதுக்குத்தான் செஞ்சிருக்காங்க."

"இன்னொருக்க காட்டு."

மூன்று முறை காட்டினேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அடுப்படியில். ரசம் கொதித்து அடங்கியதைக் கவனிக்கவில்லை.

சுடச்சுட வளர்கிற பொருள். எவனோ ஒருவன், எந்த ஊர்க்காரனோ, இதை யோசித்திருக்கிறான். அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

வெயில். மலை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி தெளிவு.

வேலை ஆரம்பம். ஒரு விளக்குக்கு: இறக்கு, பஞ்சை முழுக்க எடு, சாக்கில் போடு, தொப்பியை மடக்கி ஓட்டை வழியாக மேலே தள்ளு, அது உள்ளே குடை மாதிரி விரியும், விளக்கை மாட்டு. தொப்பிக்கும் விளக்குக்கும் நடுவே காற்றுக்கு இடம் இருக்கும். தீ வந்தால் தொப்பி உப்பி ஓட்டையை மூடிவிடும்.

மாலைக்குள் 21. முழங்கையெல்லாம் ஜிப்சம் மாவு. பஞ்சு ஒரு சாக்கு நிறைய.

பத்தாவது ஓட்டையில் தொப்பியைத் தள்ளுமுன் சும்மா காதை வைத்தேன். மேலே ஹாஸ்டலில் பேசுவது அப்படியே கேட்டது.

"ஏட்டி, என் சீப்பைக் குடுத்துட்டுப் போ!"

"செத்த இரு, வாரேன்."

பிறகு யாரோ இருமினார்கள். நீளமான இருமல். கட்டில் கிரீச். என் காதுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே ஒரு போர்டும் கொஞ்சம் காற்றும். நான்கு வருடம் இவர்கள் என் பஞ்சின்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து, பகலெல்லாம். ஏணியில் நின்றபடியே கண்ணில் நீர் வந்துவிட்டது. மாவு விழுந்துவிட்டது என்று பாயிடம் சொன்னேன்.

வார்டன் ராஜம்மா கீழே வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் அவருக்கு "மன அம்மாயிலு", நம்ம பொண்ணுங்க. இருமுகிறது யார் என்று கேட்டேன்.

"சோழபுரத்துப் பிள்ளை, முத்துமாரி. இருமல் மருந்து குடிச்சா எழுப்பவே முடியாது. நீங்க என்னம்மா தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

"ஓட்டை அடைக்கோம்க்கா."

"நல்லா அடைங்க. பல்லி வருது."

ஜூன் 14, சனி

37 முடிந்தது. ஸ்விட்ச் பெட்டி 12, தகடு ஒட்டியாயிற்று.

முப்பத்தெட்டாவது ஓட்டைதான் தகராறு. பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டிச் சுருக்குகிற மெஷினுக்கு நேர் மேலே. அன்றைக்கு அவசரத்தில் அகலமாக அறுத்திருக்கிறேன், தொப்பி நிற்கவில்லை. பஞ்சு மட்டும் கனமாக அடைத்திருக்கிறேன். விளக்கே வேண்டாம் என்று முடிவு. இரண்டு அடுக்கு போர்டு வெட்டி, திருகி, விளிம்பெல்லாம் தீ தாங்கும் பசை பூசி மூடினோம்.

முதலாளி அண்ணாந்து பார்த்தார். "அந்த இடம் இருட்டா இருக்குமேம்மா. மெஷின்ல நிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்ல?"

"சுவத்துல ஒண்ணு மாட்டித் தாரேன் ஐயா. சீலிங்ல வேண்டாம்."

அப்போதுதான் சொன்னேன். எப்படி வந்ததென்று தெரியாது. "பஞ்சை வச்சது நான்தான் ஐயா. அன்னைக்கு மறைச்சிட்டேன்."

"நானுந்தான்," என்றார் பாய், பின்னாலிருந்து.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"இதே மாதிரி வேற எங்கயெல்லாம் அடைச்சிருக்கீங்க?"

பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

லீவு. தலைக்கு எண்ணெய். பட்டியல் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. மாவாட்டினேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுத வருகிறதா பார்ப்போம்.

11 மணி. வீட்டில் இருந்தேன். பாய் போன். "தங்கச்சி, ஹால்ல தீ. நீ வா."

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஆட்டோ. மடவார்வளாகம் தாண்டும்போதே வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே. அது மேகமா புகையா என்று தெரியாமல் வந்த தூரம் என் ஜென்மத்துக்கும் போதும்.

உறை சுருக்குகிற மெஷினிலிருந்து பிடித்திருக்கிறது. பக்கத்தில் துணி பேல் அடுக்கு, விறுவிறுவென்று ஏறியிருக்கிறது. கீழே வேலை செய்தவர்கள் உடனே வெளியே ஓடிவிட்டார்கள். மேலே நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்கள் 19 பேர். ராஜம்மா கதவு கதவாகத் தட்டி வெளிப்படி வழியாக இறக்கியிருக்கிறார். வாசலில் எண்ணினால் 18.

முத்துமாரி.

ராஜம்மா திரும்ப ஏறியிருக்கிறார். கீழே ஹால் முழுக்க எரிந்துகொண்டிருக்கும்போது. உலுக்கி, கன்னத்தில் தட்டி, தோளில் சாய்த்து இறக்கியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஒரு பெஞ்சில் அந்தப் பெண். தூக்கக் கலக்கம் போகாமல், கையில் செருப்பு. என்ன நடந்தது என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போனேன். பெயரைக் கேட்டேன், தெரிந்தும்.

"தரை சுட்டுச்சாம்மா?"

"இல்லக்கா. வெறுங்காலோட நடந்தேன். கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்துச்சு, அம்புட்டுதான். பொறவு வார்டன் அக்கா என்னை இழுத்துட்டு வந்துட்டாக."

கொஞ்சம் வெதுவெது.

காவலாளிக்குக் கையில் கொப்புளம். கம்பெனித் துணியாலேயே கட்டுப் போட்டிருந்தார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூன் 18, புதன்

தீயணைப்புக்காரர்கள் அனுமதித்த பிறகு உள்ளே போனோம். நானும் பாயும், டார்ச்சோடு.

ஹால் மொத்தமும் கரி. தண்ணீர் கணுக்கால் வரை. விளக்குகள் உருகி வயர் தொங்குகிறது. டார்ச்சை மேலே திருப்பினேன்.

ஒரு ஓட்டைகூட இல்லை.

விளக்கு இருந்த இடமெல்லாம் உள்ளேயிருந்து கறுப்பாக உப்பி, வாயை மூடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக எண்ணினேன். பாயும் எண்ணினார். இருவர் கணக்கும் முப்பத்தேழு. மெஷினுக்கு மேலே, தீ நேராக அடித்த இடத்தில், முப்பத்தெட்டாவது. முதல் அடுக்கு வெடித்து உதிர்ந்திருக்கிறது. இரண்டாவது அடுக்கு நிற்கிறது.

பாய் தொப்பியைக் கழற்றினார். தலையில் போடுகிற தொப்பியை. பிறகு ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

மேலே போனோம். முத்துமாரி கட்டில். தலையணையில் தலை வைத்த குழி. கட்டிலுக்கு அடியில் மூடாத தம்ளரில் தண்ணீர், சிந்தாமல். வாசல்படியில் செவ்வாய் காலை போட்ட கோலம், தீயணைப்புக்காரர் பூட்ஸ் மிதித்த மூலை தவிர, அப்படியே. கீழே அந்த நரகம், மேலே இந்தத் தம்ளர். கோவிலில்கூட நான் இப்படி நின்றதில்லை.

போன வாரம் இதே தீ பிடித்திருந்தால் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அது போகாது. போகவும் வேண்டாம்.

ராஜம்மா வந்து கையைப் பிடித்தார். "மல்லிகா, உனக்குப் புண்ணியம்."

"எனக்கு இல்லக்கா. சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்."

சொன்னேன். எல்லாம். கையை விட்டுவிட்டார். பிறகு, "மத்த எடத்துக்கு எப்பப் போற?" என்று கேட்டார்.

ஜூன் 19, வியாழன்

மறுபடி சாரல். பட்டியல், விடியற்காலையில் எழுதியது:

1. ஸ்ரீவி. பிரசவ ஆஸ்பத்திரி. மேல்தளம் இதே மாதிரி, இரும்பும் போர்டும். கீழே மருந்து ஸ்டோர். விளக்கு 16.
2. ராஜபாளையம் கல்யாண மண்டபம், சமையல்கட்டுக்கு மேல் மணப்பெண் அறை. விளக்கு 10.
3. ஆலங்குளம் ரோட்டில் லாட்ஜ். எண்ணிக்கை நினைவில்லை.
4. டியூஷன் சென்டர்.
5, 6, 7 பாயிடம் கேட்க வேண்டும்.

பாய் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் ஏணியும் மதுரைத் தொப்பிப் பெட்டியுமாக நிற்கிறார். நான் வரச் சொல்லவே இல்லை.

மேனேஜர் அம்மா வெளியே வந்தார். "என்ன வேலைக்கு? நாங்க யாரையும் கூப்பிடலையே."

"அஞ்சு வருசத்துக்கு முன்னாடி உங்க சீலிங் ஓட்டையில பஞ்சை அடைச்சது நான்தான். எடுக்க வந்திருக்கேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்டோர் சாவியை எடுத்தார்.

முதல் விளக்கை இறக்கினேன். பஞ்சு. வெள்ளையாக, இன்னும் சூடுபடாமல். இழுத்து எடுத்து, ஓட்டையில் காதை வைத்தேன்.

மேலே ஒரு குழந்தை, பிறந்து ஒரு நாள்கூட இருக்காது, வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

தொப்பியைத் தரச் சொல்லிக் கையை நீட்டினேன்.