சேற்றில் நிறுத்திய வண்டி

இன்று காலை பாலிகஞ்ச் பட்டறையில் மெக்கானிக் நம் வண்டியின் கியர் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் சொட்டவிட்டுக் காட்டினார். கறுக்காமல், புதுசு போலச் சிவப்பாகவே இருந்தது. குனிந்து முகர்ந்தேன், கருகல் வாடை இல்லை. இந்த மழைக்காலம் முழுக்கச் சேற்றில் உழன்ற வண்டி அது. உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டேன். நீ இல்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு உன் இடது முழங்கால் மடங்காமல் போயிற்று. கிளட்ச் மிதிக்க முடியாது, இனி வண்டியே வேண்டாம் என்றார்கள் உன் வீட்டில். நீ கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் பிக்கப் டிரக் ஒன்றை வாங்கி வந்து என் வாசலில் நிறுத்தினாய். "இதுக்கு ஒரு கால் போதும்டி, ஏறு" என்றாய். அலுவலகத்தில் உன் பக்கத்து மேசைக்காரி என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஏறிவிட்டேன்.

முதல் மழையிலேயே சுந்தரவனப் பக்கம் ஒரு சேற்றுக் குழியில் மாட்டினோம். நீ முன்னும் பின்னுமாக கியரை மாற்றி மாற்றி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாய். சக்கரம் புதைந்து, சுழலவே திணறியது. கடைசியில் அடியிலிருந்து கருகல் வாடை வந்து கியர்பாக்ஸ் போயிற்று. சேற்றில் ஆட்டோமேட்டிக்கா என்று பட்டறையில் சிரித்தார்கள். அது ஏன் போயிற்று என்று அவர்களையே விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து என்னிடம் சொன்னாய்: "இதுல எண்ணெய்தான் எஞ்சினோட பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகுது. எஞ்சின் கத்தி சக்கரம் நகரலேன்னா அவ்வளவும் சூடாத்தான் போகும்." எண்ணெயை ஆற்ற முன்பக்கம் தனிக் கூலர் ஒன்றும், அதன் சூட்டைக் காட்ட ஒரு மீட்டரும் வைத்தாய். மறுபடியும் போனாய்.

அடுத்து வந்த ஒரு புயலுக்குப் பிறகு அங்கே ஒரு கிராமத்தின் குளங்களிலெல்லாம் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. கரியாஹாட் கடைக்காரர்கள் கொடுத்த குடிதண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கிளம்பினோம். ஏற்பாடு செய்தவர் ஒரு வங்காளி, எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். ஊருக்குப் போகும் ஆற்றோர மண்கரை தொடங்கும் இடத்தில் நம் வண்டியைப் பார்த்து, "ஏ காடி காதாய் சொல்பே நா, தீதி" என்றார். இந்த வண்டி சேற்றில் ஓடாதாம், அக்கா.

"சொல்பே" என்றாய் நீ. ஓடும். அவ்வளவுதான் உன் பதில்.

சேற்றில் பிடிப்பு கிடைக்க டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாய். வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் போட்டு, முட்டையை மிதிப்பதுபோல மிதித்து ஓட்டினாய். அப்படியும் பாதிக் கரையில் மீட்டர் முள் ஏற ஆரம்பித்தது. செங்கல் கொட்டியிருந்த கெட்டியான இடமாகப் பார்த்து நிறுத்தி நியூட்ரலுக்கு மாற்றினாய். எஞ்சினை அணைக்கவில்லை, ஓடினால்தான் எண்ணெய் கூலருக்குப் போய் ஆறி வரும். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு வண்டி அகலம்தான் கரை. தாதா சேற்றில் நடந்து வந்து, உன்னை இறங்கச் சொன்னார். வேறு ஆள் ஓட்டுவான் என்றார்.

எனக்குக் கூசியது. "எல்லாரும் பாக்கறாங்கடி. கிளம்பிடலாம்."

"பாக்கட்டும்" என்றாய். பிறகு அவரிடம் வங்காள மொழியில் நிதானமாகச் சொன்னாய்: "இப்ப மிதிச்சா இது நடுவழியில செத்துடும். அப்புறம் உங்க வண்டியும் போகாது, தண்ணியும் போகாது. ஆறட்டும். நான் இறங்க மாட்டேன்."

முள் இறங்கிய பிறகுதான் நகர்ந்தாய். ஊர் எல்லையில் பெண்கள் குடங்களோடு காத்திருந்தார்கள். தாதா உன்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நடைக்கு நம் வண்டியை முதலில் விட்டார்.

உடம்பு முடியாமல் படுத்தபோது சாவியை என் கையில் வைத்தாய். நீ போன பிறகு உன் தம்பி, "உங்களால ஆகாதுக்கா, வித்துடலாம்" என்றான். நியூ டவுனில் என் குடியிருப்புச் செயலாளர், சேறு பூசிய டிரக் பார்க்கிங்குக்கு அழகில்லை என்றார். இருவரிடமும் முடியாது என்றேன்.

இந்த வருஷம் அதே பக்கம் கரை உடைந்தது. தண்ணீர் கேன்களோடு தனியாக ஓட்டிப் போனேன். முள் ஏறியதும் மேடாகப் பார்த்து நிறுத்தினேன். பின்னால் ஹாரன். ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். உன் அளவு தைரியம் எனக்கு இல்லை. ஆனாலும் கண்ணாடியை இறக்கினேன்.

"எப்ப கிளம்புவீங்க, தீதி?"

"ஆறினதும்."

"எப்ப ஆறும்?"

"ஆறும்போது" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.