குச்சியின் மேல் போட்ட பழி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் என் இடுப்புச் சுற்றளவும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டி வாண்டும் நலம்தானே?

போனை விட்டுவிட்டுப் பேனா எடுத்ததற்குக் காரணம் உண்டு. போனில் நான் வாயைத் திறந்ததால் வந்த வினைதான் இத்தனையும். "கையில குச்சி வெச்சதும் சுகர் எகிறிடுச்சுடி, நீ அந்தப் பக்கமே போகாத" என்று ஒப்பாரி வைத்தேன். நீயும் குச்சி வைக்க ஆஸ்பத்திரியில் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்துவிட்டாயாம். பிறந்ததிலிருந்து நீ என் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டதுதான் கேட்டாய், கொஞ்சம் உருப்படியான பேச்சாகப் பார்த்துக் கேட்டிருக்கக் கூடாதா?

கதையைக் கேள். இந்த வயதில் இன்னொரு தொட்டில் ஆட்டத் தெம்பில்லை என்று, மேல்கையின் உட்பக்கம் தீக்குச்சி நீளத்துக்கு அந்தக் கருத்தடைக் குச்சியை வைத்துக்கொண்டேன் அல்லவா? அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் அவ்வப்போது விரலில் குத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நான்தான் சொன்னதை ஒழுங்காகச் செய்கிறவளாயிற்றே! பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூ வைத்து முடித்ததும், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து குத்தினேன். இருநூற்று எண்பது! மறுநாள் அதற்கும் மேலே.

உன் அத்தான் சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "உன் நல்லதுக்குத்தான்" என்றார். அதன்பிறகு சட்டை எடுக்க, பனியன் எடுக்க என்று அவர் மட்டும் பீரோப் பக்கம் போய்ப் போய் வந்தார். வரும்போதெல்லாம் மீசை நரைத்திருந்தது. நானோ வெந்த காய்கறியைத் தின்றுகொண்டு, கையைப் பார்த்து "வெளிய வாடி பாவி" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் "இதைப் பிடுங்கிடுங்க" என்று டாக்டரம்மா முன்னால் கையை நீட்டினேன். அவர் பிடுங்கவில்லை. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரிகூடச் சரி. அப்படியானால் மீட்டர் ஏன் கத்துகிறது? நர்ஸ்தான், "அதை எடுத்துட்டு வாங்க, என் முன்னாடி குத்துங்க" என்றாள்.

வேலையிலிருந்து நேரே போனேன். என் விரலைப் பிடித்தவள் மூக்கருகே கொண்டுபோனாள். "அக்கா, வெனிலா வாசனை வருதே, கை கழுவுனீங்களா?" என்றாள். "தொடைச்சேனே" என்றேன். எதில் என்று கேட்டாள். பையிலிருந்து ஏப்ரனை எடுத்துக் காட்டினேன். அதை உதறினால் ஒரு தெருவுக்கே டீ போடலாம். அவளே சோப்புப் போட்டு என் கையைக் கழுவித் துடைத்துக் குத்தினாள். நூற்றுப் பத்து! "சுகர் உங்க ரத்தத்துல இல்லக்கா, நகத்துல இருக்கு" என்றாள். டாக்டரம்மா கீழே விழாத பேனாவை மேஜைக்கு அடியில் தேடினார். வெகுநேரம் தேடினார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ சாவியைப் பிடுங்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ குடித்தேன் பார், அடடா!

உன்னைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "குச்சியில இருக்குற ஹார்மோனால சிலருக்கு இன்சுலின் கொஞ்சம் மந்தமா வேலை செய்யலாம், சுகர் லேசா ஏறலாம். பெரும்பாலானவங்களுக்கு அளவு தாண்டாது. உங்க தங்கச்சிக்குப் போன கர்ப்பத்துல சுகர் வந்திருக்கு, அதனால வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டெஸ்ட் பண்ணிக்கணும். அவங்க டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணட்டும், உங்களைக் கேட்டு வேண்டாம்" என்றார். கடைசி வரியை என்னைப் பார்த்தே சொன்னார்.

ஆகவே, ரத்து செய்த நேரத்தை மறுபடி வாங்கு. குச்சியோ வேறு வழியோ, உன் டாக்டர் சொல்வது எதுவானாலும் சரி. போன பிரசவத்தில் நீ உள்ளே நினைவில்லாமல் கிடந்தாயே, அப்போது வெளியே நின்ற நான் ஒரே ஒரு ஜோக்குகூடச் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார். எனக்கு இன்னொரு தடவை அந்த மாதிரி நிற்கத் தெரியாதுடி.

நீ நூறு வயது இருந்து, நூறு வயதும் என்னைக் கேலி செய்ய வேண்டும்.

கழுவிய கையோடு,
உன் அக்கா