அத்தையின் படகுக்கு ஜன்னல் மாற்றியது

பஸ் பட்டறை,
ஆகஸ்ட் 6

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் எழுதுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். கழற்றிப் போட்ட ஒரு பஸ் சீட்டில் உட்கார்ந்து மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடியிருக்கும் படகுக்கு வந்துவிட்டுத் திரும்பியதும் உங்கள் பிள்ளை சொன்னார்: "மழை பிடிச்சதும் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்ப்பேன். ஜன்னல்ல ஒரு சொட்டு ஒழுகினாலும் அம்மா இங்க வந்துடணும். அம்மாவும் சரின்னுட்டாங்க." போன மழையில் நனைந்த மெத்தையில் படுத்து, நெஞ்சுச் சளியோடு நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவர் மறக்கவில்லை. அவர் பயம் நியாயம்தான்.

ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இங்கே வந்து இருப்பதில் எனக்கு இஷ்டமில்லை. போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தங்கியபோது நான் வைத்த பாத்திரத்தை நீங்கள் இடம் மாற்றினீர்கள். நீங்கள் மாற்றியதை நான் மாற்றினேன். நடுவில் அவர்தான் கரண்டியைத் தேடி அலைந்தார். உங்களுக்கும் வர இஷ்டமில்லை என்று தெரியும்.

படகு பழுது பார்ப்பவர்கள் மழைக்குப் பிறகுதான் ஆள் வரும் என்றார்களாமே. நீங்களே செய்துவிடலாம். பஸ்ஸுக்குக் கண்ணாடி மாட்டுவதுதான் என் வேலை. நான் சொல்லித் தருகிறேன். போன் வேண்டாம். வீட்டில் பேசினால் அவர் காதில் விழும். பட்டறையில் பேசினால் என் காதிலேயே விழாது.

நீங்கள் படுக்கும் அந்தச் சுக்கான் அறையில் எத்தனை ஜன்னல், கண்ணாடியைச் சுற்றி ரப்பரா பசையா என்று எழுதுங்கள்.

தங்கள் மருமகள்

&nbsp;

படகு,
ஆகஸ்ட் 13

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சொல்ல நினைத்து அடக்கி வைத்திருந்ததை நீ முந்திக்கொண்டு சொல்லிவிட்டாய். துறைமுக வானொலி அறையில் காலமெல்லாம் கப்பல்காரர்களோடு பேசியவள் நான். சுற்றி வளைக்காதவர்களை எனக்குப் பிடிக்கும். ஆகவே கோபமில்லை.

உன் மாமனார் இருந்தவரை பக்கெட் தண்ணீரைக்கூட எட்ட நின்றுதான் பார்ப்பார். அவர் போன பிறகு எனக்கென்று நான் வாங்கிக்கொண்டது இந்தப் படகு ஒன்றுதான். இதை விட்டு இறங்க மனம் வரவில்லை.

ஜன்னல்கள் ஐந்து. முன்னால் மூன்று, திறக்க முடியாதவை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, இழுத்துத் திறப்பவை. முன் கண்ணாடிகளைச் சுற்றி ரப்பர். நகத்தால் கீறினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. ரப்பரின் நடுவில் மெல்லிய பட்டை ஒன்று ஓடுகிறது. நடுக் கண்ணாடியின் ஓரங்கள் பால் மாதிரி வெளுத்துவிட்டன. இதற்கு முன் வைத்திருந்தவர் எல்லாவற்றுக்கும் மேலே பசையை அப்பி வைத்திருக்கிறார்.

உதவிக்கு ஆள் உண்டு. பக்கத்துப் படகில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்பார். கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்பார்.

அத்தை

&nbsp;

பஸ் பட்டறை,
ஆகஸ்ட் 17

அன்புள்ள அத்தைக்கு,

பிஸ்கட் ரப்பர் என்றால் தப்பவே முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாகச் செய்யுங்கள். ஒரே நாளில் மூன்றையும் பிரித்துப் போட்டுவிட்டு முழிக்காதீர்கள்.

முதலில் அந்த நடுப் பட்டையை ஒரு முனையில் நெம்பி உருவிவிடுங்கள். அதுதான் ரப்பரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிறகு வெளிப்பக்க ரப்பரைக் கத்தியால் சுற்றிலும் அறுத்து எடுங்கள். அப்புறம் உள்ளே தரையில் உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஓரத்தில் இரண்டு காலாலும் மெல்லத் தள்ளுங்கள். கால் எட்டாவிட்டால் பெட்டி மேல் உட்காருங்கள். கனமான செருப்பு அவசியம். டாக்டரை வெளியே மெத்தையோடு நிற்கச் சொல்லுங்கள். உதைக்க வேண்டாம், தள்ளினால் போதும்.

கண்ணாடி வந்ததும் சுற்றியுள்ள பலகையைக் கூரான எதையாவது வைத்துக் குத்திப் பாருங்கள். ரொட்டியில் இறங்குவது போல இறங்கினால் சொல்லுங்கள்.

தங்கள் மருமகள்

&nbsp;

படகு,
ஆகஸ்ட் 25

மருமகளுக்கு,

தள்ளினால் போதும் என்றாய். அது அசையவே இல்லை. கடைசியில் உதைத்தேன். கண்ணாடி டாக்டரின் மடியில் போய் உட்கார்ந்தது, டாக்டர் மெத்தையில் உட்கார்ந்தார். இருவருக்கும் கீறல் இல்லை. "என் சர்வீஸ்ல இவ்வளவு பெரிய பல்லை நான் பிடுங்கினதில்லை" என்றார் அவர். பிடுங்கியது நான்.

பழைய பசையைச் சுரண்ட அவர் தன் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பல்லில் காரை எடுக்கும் கொக்கி அந்தச் சந்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. என்னைக் கிட்டேயே விடாமல் அரை நாள் சுரண்டினார்.

இனி கெட்ட செய்தி. கீழ் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பலகை ரொட்டிதான். விரலே இறங்குகிறது. தார்ப்பாயைக் கட்டிவிட்டு உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். காற்றடித்தால் படபடவென்று அடிக்கிறது, தூக்கம் போயிற்று.

அத்தை

&nbsp;

பஸ் பட்டறை,
ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தைக்கு,

பயப்படாதீர்கள். அழுகியதை எல்லாம் கூசாமல் வெட்டி எடுங்கள், நல்ல மரம் தெரியும்வரை. நன்றாகக் காயவிடுங்கள், அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் உள்ளேயே மறுபடி அழுகும். அப்புறம் புதுத் துண்டு வைத்து எபாக்ஸி பசை பூசி அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடியுங்கள்.

நடுக் கண்ணாடியின் அளவுக்கு அட்டை வெட்டி அங்கே வரும் டவுன் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் நம் ஆள்தான். புதுக் கண்ணாடியும் மூன்று ஜன்னலுக்கும் ரப்பரும் அவர் கையிலேயே வரும்.

மாட்டும் வித்தை இதுதான். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். வெளிப் பள்ளத்தில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு நுனியும் அடியில் உள்பக்கம் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாகப் பூசுங்கள். டாக்டர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தட்டும், நீங்கள் உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல இழுங்கள். கயிறு வர வர ரப்பரின் உதடு மடிந்து உள்ளே வந்து உட்காரும். நான் முதல் தடவை இதைச் செய்தபோது சந்தோஷத்தில் மேஸ்திரியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். நீங்கள் டாக்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டாம்.

தங்கள் மருமகள்

&nbsp;

படகு,
செப்டம்பர் 14

மருமகளுக்கு,

யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் கயிறு சுற்றி முடித்துக் கையோடு வந்தபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மூன்றும் முடிந்தன. நடுக் கண்ணாடி வழியே பார்த்தால் கண் ஆபரேஷன் முடிந்து வந்தது போல இருக்கிறது. கரையில் யார் பல் விளக்குகிறார் என்பது வரை தெரிகிறது.

குழாயால் தண்ணீர் அடித்தோம். முன் ஜன்னல்கள் மூன்றும் காய்ந்தபடியே நின்றன. பக்க ஜன்னல் ஒழுகுகிறது. அதுவும் முன்பு ஒழுகியதைவிட மோசமாக, நேரே மெத்தை மேல். அங்கே ரப்பரும் நல்ல ரப்பர், கண்ணாடியும் நல்ல கண்ணாடி. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

வானம் மூடிக்கொண்டு வருகிறது. கொக்கியில் தொங்கிய என் துணிகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். சொன்ன சொல் சொன்னதுதான், அவனிடம் மழுப்ப மாட்டேன். அங்கே வந்தால் உன் அடுப்படியில் கை வைக்க மாட்டேன்.

அத்தை

&nbsp;

பஸ் பட்டறை,
செப்டம்பர் 18

அன்புள்ள அத்தைக்கு,

துணியை மறுபடி மாட்டுங்கள்.

இழுக்கும் ஜன்னலின் கீழ்த் தடத்தில் வெளிப்பக்கமாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தடத்தில் விழும் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே போகும். அவை அடைத்திருந்தால் தடம் தொட்டி மாதிரி நிரம்பி உள்ளே வழியும். போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானம் எனக்கு வேலை ஓடவில்லை. அடுப்படியில் கை வைக்க மாட்டேன் என்று நீங்கள் எழுதியது நெஞ்சில் குத்தியது. எழுதும்படி செய்தவள் நான்தானே. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை நீங்கள் மாற்றிய இடத்திலேயே வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டி இருப்பது வசதியாகத்தான் இருக்கிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, தேடவும் இல்லை.

ஓட்டை சரியாகிவிட்டால் படகிலேயே இருங்கள். சரியாகாவிட்டால் வாருங்கள். இந்தத் தடவை இஷ்டத்தோடுதான் சொல்கிறேன்.

தங்கள் மருமகள்

&nbsp;

படகு,
அக்டோபர் 2

அன்புள்ள என் மருமகளுக்கு,

ஓட்டைகளைக் காணோம். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான்தான் அடைச்சேன். ஓட்டையைப் பார்த்தா எனக்குக் கை சும்மா இருக்காதே" என்றார். நமக்குத் தெரியாமல் பல் சிமென்ட் வைத்து நேர்த்தியாகப் பூசியிருக்கிறார். தன் கையாலேயே தோண்டி எடுத்தார். எடுக்கும்போது முகம் ரொம்பச் சோகமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் மழை பிடித்தது. பின்னாலேயே உன் புருஷன் வந்தான். கையில் ஒரு கட்டு டிஷ்யூ பேப்பர். ஒவ்வொரு மூலையிலும் ஒற்றி ஒற்றிப் பார்த்தான். மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. பேப்பர் நனையவே இல்லை. மெத்தையைத் தடவிப் பார்த்தான், கூரையைத் தடவிப் பார்த்தான், கடைசியில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"யாரும்மா செஞ்சது?"

"நான்தான்."

"யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன்."

நான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். அவனே சிரித்தான். "அவ டிபன் டப்பா அடிக்கடி திறக்காமலே வீட்டுக்கு வருது. பட்டறையில விசாரிச்சேன். மத்தியானம் பூரா உட்கார்ந்து லெட்டர் எழுதறாங்கன்னு சொன்னாங்க. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடிகூட ஒரு வரி எழுதினதில்ல" என்றான். பிறகு ஜன்னலடியில் அந்த மெத்தையிலேயே சாய்ந்தான். தலைக்கு மேலே மழை கொட்டக் கொட்ட, இவன் குறட்டை விட்டான். சாயங்காலம் எழுந்து, "இரும்மா இங்கயே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உப்புப் படியாமல் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கிறேன். ஓட்டைகளை வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறேன். ஜன்னல் பற்றி இனி உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை. எழுத வேறு சாக்கும் இல்லை. அதனால்தான் இந்த அழைப்பு.

லீவு போட்டுவிட்டு நீ மட்டும் புறப்பட்டு வா. அவனை விட்டுவிட்டு வா, சமைத்துச் சாப்பிடட்டும். வரும்வரை மத்தியானச் சாப்பாட்டை விடாதே. வழுக்காத செருப்பு கொண்டு வா. படுக்கை ஒன்றுதான், அதுவும் குறுகல். ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்று நீ வந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

உன் அத்தை