பச்சை இலையை நம்பாதே

உ

ஆயர் தாவார்
11.2.1979

அன்புத் தோழி ஹில்டாவுக்கு மங்களம் எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகம். நீயும் ஈப்போவில் சுகமாய் இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், நீதான் எழுதுவதே இல்லையே. அச்சகத்தில் நாள் முழுக்கக் காகிதம் மடிக்கிற கைக்கு எனக்கென்று ஒரு தாளை மடிக்க நேரமில்லை, என்ன?

ஐந்தாம் வகுப்புக்கு உவமை நடத்துகிறேன். நிலா போன்ற முகம், தாமரை போன்ற முகம் என்று முப்பத்திரண்டு பிள்ளைகளும் முகத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்திலிருந்தே எடுக்கட்டும் என்று தோன்றியது. உன் அப்பா, நம் லூர்துசாமி மாமா, வேர்நோய் பார்க்கும் கேங்கை மேய்க்கும் மண்டோர் ஆயிற்றே. நோய் பிடித்த ரப்பர் மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார், என்ன செய்கிறார் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. ஒரே லயத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்தும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் அண்ணன் ஜெயபாலன் நம் தோட்டத்தில் இளைஞர் சங்கம் ஆரம்பித்திருக்கிறான். பேச்சு எழுதித் தருவது தங்கையின் வேலை. இதுவரை எழுதியதற்கெல்லாம் கூட்டம் கொட்டாவிதான் விட்டதாம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
மங்களம்

சேசு மரி சூசை துணை

ஈப்போ
4.3.1979

என் மங்களத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். நீ கேட்டிருக்கிறாய் என்றதும் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டார். அம்மா போனபிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் சொன்னது இது:

“வெள்ளவேர் நோய் மண்ணுக்குள்ளயே போவும்லா. ஒரு மரத்து வேருலேருந்து அடுத்த மரத்து வேருக்குத் தாவிரும். மேல இல பச்சையாத்தான் இருக்கும். இல மஞ்சளாவுறப்ப மரம் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அதனால இலய நம்பக் கூடாது. முட்டி போட்டு உக்காந்து, அடிமரத்து மண்ணத் தள்ளி, வேரக் கையால தொட்டுப் பாக்கணும். வெள்ளையா நூல் மாதிரி ஒட்டியிருந்தாத்தான் நோய். தொட்டுப் பாக்காம வெட்டுனா நல்ல மரம் போயிரும். நோய்னு தெரிஞ்சுட்டா, சுத்தி ஒரு அடி அகலம் ரெண்டடி ஆழம் வாய்க்கா வெட்டி நிறுத்திப்புட்டு, உள்ள இருக்கிறதத் தோண்டி எரிச்சிரணும்.”

‘தொட்டுப் பாக்கணும்’ என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார். பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் நல்லதாக ஒன்றை அனுப்பு. வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் வேலையைப் பற்றி யாரும் எழுதப் போவது இதுதான் முதல் தடவையாம்.

உன்
ஹில்டா

உ

ஆயர் தாவார்
20.5.1979

அன்பு ஹில்டா,

உன் கடிதத்தைப் பத்து முறை படித்திருப்பேன். மாமா பேசுவது காதில் விழுகிறது. வகுப்பில் இன்னும் நடத்தவில்லை, பரீட்சை வந்துவிட்டது. ஆனால் அதை அண்ணன் பேச்சில் சேர்த்தேன். கேட்டாயானால் ஆச்சரியப்படுவாய். வாய்க்கால் வெட்டும் இடம் வந்ததும் கூட்டம் எழுந்து நின்றுவிட்டதாம். பாகான் செராயில் இருந்துகூடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பேச்சு நம் மக்களின் ஒற்றுமையைப் பற்றித்தான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் கலக்கம். வேலை போய்விடும் என்று பயந்து கிடக்கிறவர்களுக்குப் புள்ளிவிவரம் சொன்னால் ஏறாது. அவர்கள் தினம் பார்க்கிற ஒன்றைக் காட்டினால் உடனே ஏறுகிறது. இத்தனை வருடம் உவமை நடத்துகிறேன், அதன் பலம் எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

மாமாவுக்கு என் நன்றியைச் சொல்.

மங்களம்

சேசு மரி சூசை துணை

ஈப்போ
2.7.1979

மங்களம்,

உன் அண்ணனின் பேச்சு நோட்டீசாக எங்கள் அச்சகத்துக்கே வந்தது. ஆயிரம் படி. மடிக்கும் வேலை எனக்கு. முந்நூறு மடித்தபிறகுதான், நம் லகாட் தோட்டத்துப் பெயரைப் பார்த்து நின்று படித்தேன்.

‘பச்சை இலையை நம்பாதே. நம் நிரையிலேயே நிற்கிறது, நம்மைப் போலவே தழைக்கிறது. வேரில் மட்டும் அந்நியம். இன்று அந்த மரம், நாளை உன் மரம். வாய்க்கால் வெட்டாத தோட்டம் பிழைத்ததில்லை.’

நம் லயத்தில் ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். இந்த மரம் யார் என்று எனக்குச் சொல்லு. இது அப்பா பேசியது. நான் என் கையால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியது. அவர் மூன்று முறை சொன்ன ஒன்று மட்டும் இதில் இல்லை.

மீதி எழுநூறையும் மடித்துக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஹில்டா

உ

ஆயர் தாவார்
15.7.1979

ஹில்டா,

நீ இப்படி நினைப்பாய் என்று கனவிலும் எண்ணவில்லை. எங்காவது உங்கள் பெயர் இருக்கிறதா? உங்கள் மதத்தின் பெயர் இருக்கிறதா? முன்பெல்லாம் என்னை நீ ‘கண்ணே’ என்று எழுதியிருக்கிறாய். அதற்காக நான் கண்ணாகிவிட்டேனா? உவமை என்பது புரிய வைக்கத்தான். கேட்கிறவர்களுக்கு அது தெரியும், அவர்கள் முட்டாள்கள் இல்லை.

தொட்டுப் பார்க்கச் சொல்லும் இடத்தை எடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் பேச்சின் வேகம் குறைந்தது. அவ்வளவுதான் காரணம்.

மாமாவை யார் என்ன சொல்லிவிடுவார்கள்? அந்தப் பையன்கள் பாதிப் பேர் அவரிடம் வேலை பழகியவர்கள்.

மங்களம்

ஈப்போ
3.9.1979

மங்களத்துக்கு,

போன ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போய், பதினோரு மணிக்கு வீடு திரும்பினோம். வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டியிருந்தது. ஒரு அடி அகலம், இரண்டடி ஆழம். கோழிக்கூட்டையும் கொய்யா மரத்தையும் உள்ளே சேர்த்து, கயிறு பிடித்து நேராக வெட்டியிருந்தார்கள். பட்டப்பகலில். லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, உன் வீட்டுக் கதவும்தான்.

அப்பா ஓரத்தில் உட்கார்ந்து, விரலை விட்டு ஆழம் பார்த்தார். “வேல தெரிஞ்ச கை. நான் பழக்குன பயலுங்கதான்” என்றார். வாய்க்காலுக்கு உள்ளே இருப்பதை அடுத்து என்ன செய்வார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே ஈப்போவுக்கு என் அறைக்கு வந்துவிட்டார். முப்பத்தொரு வருட வேலை ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது.

நீ சொன்னது சரி, எங்கள் பெயர் எங்கும் இல்லை. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். பெயர் சொல்லியிருந்தால் நம் லயத்து ஐயாவு அண்ணனோ மாரியம்மா அக்காவோ, “லூர்துசாமியா? அந்த மனுசன் என்ன செஞ்சாரு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நீ மரத்தை மட்டும் காட்டினாய். அது யார் என்று ஒவ்வொருவனும் தானே கண்டுபிடித்துக்கொண்டான். தானே கண்டுபிடித்ததை யார் சந்தேகப்படுவார்கள்? அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்து ஆளுக்குச் சொல்லித் தரவும் வேண்டாம். நோய் என்று மனதில் விழுந்ததும் கை மண்வெட்டியைத் தேடிப் போய்விட்டது.

பேச்சு நீ எழுதியது என்று அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்ல என்னால் முடியவில்லை.

ஹில்டா

ஆயர் தாவார்
9.12.1979

ஹில்டா,

மூன்று மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணனிடம் சண்டை போட்டேன். “நீ எழுதுனதத்தான நான் பேசுனேன்” என்றான். நான் ஒருத்தியாகவே அந்த வாய்க்காலை மூடினேன். கை கொப்பளித்துவிட்டது. மழை பெய்ததும் மண் அமுங்கி, கோடு மறுபடி தெரிகிறது. திரும்பவும் மண் போட்டேன், திரும்பவும் அமுங்குகிறது.

வகுப்பில் வேர்நோயை நான் நடத்தவே இல்லை. பிள்ளைகள் ஒரு கட்டுரையும் எழுதவில்லை.

நான் செய்தது தப்பு. மாமா காலில் விழ வேண்டும். ஒரு வரி எழுது, ஓடி வருகிறேன்.

மங்களம்

சேசு மரி சூசை துணை

ஈப்போ
22.3.1981

மங்களம்,

ஒன்றேகால் வருடத்தில் நீ ஏழு கடிதம் போட்டுவிட்டாய். எல்லாம் வந்து சேர்ந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லத்தான் இது.

அப்பா போன மாதம் பத்தாம் தேதி இறந்துவிட்டார். நெஞ்சுவலி. சாயங்காலம் வந்தது, விடியும்முன் முடிந்துவிட்டது. உனக்குத் தந்தி கொடுக்க அஞ்சலகம் வரை போய்விட்டுத் திரும்பினேன்.

ஈப்போ வந்ததிலிருந்து வாரம் தவறாமல், “மங்களம் கடுதாசி போட்டுச்சா? புள்ளைங்க கட்டுரை எழுதுனாங்களா?” என்று கேட்பார். நீ எழுதியவற்றை வாசிக்க முடியுமா? அதனால் அச்சகத்துக் கழிவுத் தாளில் நானே எழுதி, நீ எழுதியதாக வாசித்துக் காட்டினேன். ஒரு கடிதத்தில் உன் மாணவன் கார்த்திகேசு முதல் பரிசு வாங்கினான். அவனுடைய கட்டுரையையும் நானே எழுதினேன். மண்ணைத் தள்ளித் தொட்டுப் பார்க்கும் இடம் வந்ததும் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “அத விடாம எழுதியிருக்கான் பாரு. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கு நம்ம மங்களம்.” அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

உன்னை வெறுக்க முயன்றேன். வரவில்லை. வந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

நீ இனி எழுத வேண்டாம். என் பெட்டியில் மங்களத்தின் கடிதங்கள் பதினொன்று இருக்கின்றன, என் கையெழுத்தில். அந்த மங்களம் என் அப்பாவை விசாரிக்காமல் ஒரு கடிதமும் முடித்ததில்லை. அவளோடு நான் இருந்துகொள்கிறேன்.

ஹில்டா