தலை டப்பா

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு முதல் வரி. நாங்கள் நலம் என்று வழக்கம்போல எழுத எனக்குக் கை வரவில்லை, அம்மா தேறிக்கொண்டு வருகிறாள், சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, என்னைப் பற்றிக் கேட்காதே. எங்கள் முதலாளியின் மைத்துனர் இன்று மாலை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறார், நாளைக்கே உன் கையில் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஓரிடத்தில் உட்கார்ந்து முழுதாகப் படி. படித்து முடிக்கும்வரை கிரேனில் ஏறாதே.

நீ போனில் கேட்டபோது அம்மா தூங்குகிறாள் என்றேனே, அது பொய்யில்லை, எங்கே தூங்குகிறாள் என்பதைத்தான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டுதான் உன்னோடு பேசினேன். அவளுக்குச் சளியும் தலைபாரமும், மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரையைப் போட்டிருக்கிறாள், தலை விடவில்லை என்று நம் தலை டப்பாவைத் திறந்து இரண்டை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள். நான் கடையிலிருந்து வந்தபோது சோபாவில் சாய்ந்து கிடந்தாள், பாவம் அசந்துவிட்டாள் என்று மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு டிவியில் செய்தி பார்த்தேன். ஆமாம், செய்தி பார்த்தேன். சின்னவள் வந்து எழுப்பி எழுப்பிப் பார்த்து அலறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் முதலில் கேட்டதே என்ன மாத்திரை என்றுதான். தலை மாத்திரை என்றேன். பேர் சொல்லுங்க என்றார். தலை டப்பாவில இருக்குமே சார், அதுதான் என்றேன், சொல்லும்போதே எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உனக்குத்தான் தெரியுமே, உதிரிபாகக் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான், நட்டு ஒரு டப்பா, வாஷர் ஒரு டப்பா என்று பிரித்து வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். வீட்டு மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, தலை, வயிறு, காய்ச்சல் என்று சீட்டு ஒட்டி அடுக்கி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டவன் நான்தான். என் டென்ஷன் தலைவலிக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரையும், யார் வேண்டுமானாலும் வாங்கும் சாதாரண வலி மாத்திரையும் ஒரே தலை டப்பாவுக்குள். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். எனக்கு எழுதித் தந்ததில் ஆளை அசத்தும் மருந்தும் சேர்ந்திருக்கிறதாம், சளி மாத்திரையும் தூக்கம் வரவைப்பதாம், இரண்டும் சேர்ந்து அவளைச் சாய்த்துவிட்டது. இது போதாதென்று எல்லாவற்றிலும் பாரசிட்டமால் இருந்திருக்கிறது, அளவு மீறி ஈரலைத் தொட்டிருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை நான் உட்காரவில்லை. ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்தத இன்னொருத்தர் போடலாமாங்க, அதுவும் அட்டையில்லாம, பேர் தெரியாம என்று அந்த டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் நீ கூப்பிட்டாய். அப்பா, நீங்க குடுத்த தலை டப்பா தீரப்போகுது, இப்பல்லாம் தினமும் வலிக்குது, இன்னும் கொஞ்சம் அனுப்புங்க என்றாய். அதைத் தொடாதே என்று கத்தினேன், ஏன் என்று கேட்டாய், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போன தடவை நீ கிளம்பும்போது, கிரேன் கூண்டிலிருந்து குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்தும் மண்டையும் இறுகிப்போகிறது என்றாய், நான் ஒரு டப்பா நிறைய உன் பைக்குள் வைத்தேனே, அது எப்படிச் சேர்ந்தது தெரியுமா. எனக்கு வலி எப்போதோ விட்டுப்போயிருந்தது. இன்னும் வலிக்குது சார் என்று டாக்டரிடம் பொய் சொல்லிச் சொல்லி வாங்கினேன். பிள்ளைக்குச் செய்கிறோம் என்ற நினைப்பு, எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

உன் கதையையும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒப்பித்தேன். அவர் முகம் மாறிப்போனது. இதை அடிக்கடி போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம், வலிக்கிறதே என்று மறுபடி போடுவோமாம். அப்படியானால் உன் தினப்படி வலியை நானே டப்பாவில் அடைத்து அனுப்பியிருக்கிறேனடா. மிஷின் ஓட்டுகிறவன் இதைப் போட்டுக்கொண்டு ஏறவே கூடாதாம். ஆனால் தினமும் போட்டுப் பழகினவன் நான் கத்தினதுபோல சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாம், டாக்டர்தான் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம். இதைச் சொல்ல மறுபடி கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காதது எனக்கு ஒரு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். டாக்டரை உடனே பார் என்று ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன், காரணத்தை எழுத விரல் வரவில்லை. இதைப் படித்ததும் லீவு சொல்லிவிட்டு டப்பாவோடு டாக்டரிடம் போ. எத்தனை போட்டாய், எத்தனை நாளாகப் போடுகிறாய், கூட வேறு என்ன சாப்பிட்டாய் எதையும் மறைக்காதே, சனிக்கிழமை நண்பர்களோடு குடிப்பதையும் சேர்த்துத்தான், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. மாத்திரையின் பேரை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், அதைக் காட்டு.

நேற்றுதான் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள், காலையில் எழுந்ததும் டப்பாக்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒண்ணு குறையுதே, ஒண்ணு குறையுதே என்று சமையலறையைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அது உன்னிடம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை அவள் கையில் கொடுக்கப்போகிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உடம்பும் மனசும் தெளிந்து நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

என்றும் உன் நினைவாக,
அப்பா

படிச்சேன். டப்பாவத் தேடறத விட்டுட்டேன். நான் நல்லா இருக்கேன், நீ பயப்படாத. டாக்டரப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணு. உங்கப்பாவுக்குப் பண்ணாத, அவருக்கு சிக்னல் கிடைக்காது.
அம்மா